வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

திண்டுக்கல் நகரிலும் சுற்றுவட்டத்திலும் தொழில் பதிவு, உரிமம், வரி சம்பந்தப்பட்ட விண்ணப்பங்களைக் கையில் வாங்கும் உதவியாளர்கள், கண்காணிப்பாளர்கள், ஆய்வாளர்கள், அலுவலர்கள் அனைவருக்கும்,



நான் இந்த ஊரில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். சிறுகடைக்காரர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் அவர்களோடு உங்கள் அலுவலக வராந்தாவில் காத்திருப்பதும் என் தொழிலில் பாதி. உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். எந்த அலுவலகத்தையும் எந்த அலுவலரையும் பெயர் சொல்லிக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் உங்கள் மேசைக்கு எதிரே நின்று சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. கையில் விண்ணப்பத்தோடு நிற்கிறவர் மனதில் உள்ளதை முழுதாகப் பேச மாட்டார். பேசினால் அந்த விண்ணப்பம் என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை நான் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

சின்னத் தொழில் ஒன்றுக்குப் பெயர் வைத்துப் பதிய வருகிறவர் உங்களுக்கு அன்றைய நாளின் இன்னொரு விண்ணப்பம். அந்தப் பெயர் அவருக்கு என்ன என்பதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அதுவும் இந்த ஊரில் வேலை பார்க்கிறவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். பெயரால் வாழும் ஊர் இது. நாகசாமி நாயுடு 1957-ல் இங்கே பிரியாணிக் கடை திறந்தபோது அதன் பெயர் ஆனந்த விலாஸ். அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையைப் பார்த்துச் சாப்பிட வந்தவர்கள் வைத்த பெயர்தான் தலப்பாக்கட்டி. பலகையில் எழுதிய பெயரை ஊர் வைத்த பெயர் முந்திக்கொண்டது. பிறகு சென்னையில் ஏறக்குறைய அதே பெயரில் கடை வந்து, பெயர் யாருக்குச் சொந்தம் என்று உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று. அவர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது, போனார்கள். பேகம்பூரில் கல்யாண வீடுகளுக்குத் தேக்சா ஏற்றிச் சமைத்துக்கொடுத்து, இருபது வருடம் கழித்து ஒரு சின்னக் கடை போடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவரிடம் இருப்பது கைப்பக்குவமும் அதோடு ஒட்டிய பெயரும் மட்டுமே.

பூட்டின் கதையும் உங்களுக்குத் தெரியும். நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் கையால் செய்த பூட்டு நாடெங்கும் திண்டுக்கல்லின் பெயரைச் சுமந்து போனது. அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். அதற்குள் அலிகார் பூட்டு மலிவு விலையில் சந்தையைப் பிடித்து, பட்டறைகள் பல மூடி, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பெயருக்குப் பாதுகாப்பு வந்தபோது அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த கைகள் குறைந்துபோயிருந்தன. காலத்தில் நடக்காத பதிவு யாருக்கு உதவும் என்று நான் உங்களைக் கேட்கிறேன்.

இப்போது உங்கள் முன் வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். ஆத்தூர் பக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா. வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். மதுரையில் ஒரு பெரிய கடை அவரிடம் சரக்கு எடுக்கச் சம்மதித்தது. கம்பெனி பெயரில் பில் வேண்டும், கம்பெனி பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும் என்றது. வங்கிக்குப் போனார். “கம்பெனி பெயர்ல ரெண்டு பதிவு இருந்தா எடுத்துட்டு வாங்கம்மா” என்றார்கள். பதிவுக்கு ஓர் அலுவலகம் போனார். “கம்பெனி பெயர்ல பேங்க் அக்கவுண்ட் இருக்கா? அதை முதல்ல கொண்டாங்க” என்றார்கள். இரண்டு இடத்திலும் யாரும் கோபப்படவில்லை, யாரும் பணம் கேட்கவில்லை. இரண்டு இடத்திலும் நல்லவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் அந்த அக்கா இரண்டு வாசலுக்கும் நடுவே பஸ்ஸில் போய்வந்துகொண்டே இருந்தார். மதுரைக் கடை வேறொருவரிடம் பொடி வாங்கத் தொடங்கிவிட்டது.

இதில் விதி என்ன சொல்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தனி ஒருவர் நடத்தும் தொழிலுக்குக் கணக்குத் தொடங்க இரண்டு ஆவணம் கேட்கச் சொல்கிற ரிசர்வ் வங்கியே, இரண்டு கொடுக்க வழியில்லை என்று வங்கிக்குத் தோன்றினால், தொழில் நடக்கும் இடத்தை நேரில் விசாரித்து உறுதிசெய்துகொண்டு ஒன்றை வைத்தே தொடங்கலாம் என்றும் அனுமதித்திருக்கிறது. ஜிஎஸ்டி பதிவுக்கு வங்கிக் கணக்கு முன்கூட்டியே இருக்க வேண்டியதில்லை. பதிவு கிடைத்து 30 நாளுக்குள், முதல் விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன், கொடுத்தால் போதும். 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்துகொள்ளலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை ஒருவராவது ஒரு துண்டுத் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்திருந்தால், அதை எதிர்மேசையில் காட்டியிருப்பார். காட்டுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. “அங்க அப்படிச் சொன்னாங்க சார்” என்பது மட்டும் இருந்தது. அந்தச் சொல்லை நீங்கள் எப்படிக் கேட்பீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னும் வருத்தமான ஒன்று இருக்கிறது. “என் கடைப் பேரை எங்க சார் பதியணும்?” என்று கேட்கிறவருக்கு யாரும் உண்மையான பதிலைச் சொல்வதில்லை. தனி ஆள் கடைக்குப் பெயரை மட்டும் பதிந்து உரிமை கொடுக்கும் அலுவலகம் என்று ஒன்று இந்த மாவட்டத்தில் இல்லை. உத்யம் சான்றிதழில் பெயர் அச்சாகும், அதனால் அந்தப் பெயர் அவருடையதாகிவிடாது. ஜிஎஸ்டி சான்றிதழில் வணிகப் பெயர் என்று ஓர் இடம் உண்டு, அதே பெயரைப் பக்கத்துத் தெருக்காரரும் எழுதலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவும் அப்படித்தான். பெயருக்கு உரிமை தரும் பதிவு 1999-ம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின்படி நடப்பது. அதற்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். அதே பெயரை வேறு யாராவது முன்பே வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கக் கட்டணமே இல்லை. பதிந்தால் பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். இது உங்கள் அலுவலக வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்களிடம்தான் கேட்கிறார்கள், ஏனென்றால் அரசாங்கம் என்றால் அவர்களுக்கு நீங்கள்தான்.

நீங்கள் பேசாமல் இருந்தால் அந்த இடத்தில் வேறொருவர் பேசுகிறார். “ஜிஎஸ்டி எடுத்தாத்தான் பேர் பதிவாகும்” என்று சொல்லி, எடுத்துக்கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பொருள் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை பொதுவாக அந்தப் பதிவு கட்டாயமில்லை. நாலைந்து லட்சத்துக்கு வியாபாரம் செய்கிற பெட்டிக்கடைக்காரர் பெயருக்காக அதை எடுத்துவிடுகிறார். பிறகு விற்பனை இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் ஏறுகிறது, அதற்கு உச்சவரம்பு இருந்தாலும் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகச் சேர்ந்துகொண்டே போகிறது. பின்னொரு நாள் அந்தப் பெட்டிக்கடைக்காரர் என்னிடம் வந்து, “பேர்தானே அண்ணே கேட்டேன், இது என்ன கடன்?” என்று கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. இலவசமான உத்யம் பதிவுக்கே அரசு இணையதளம் மாதிரி தோற்றம் காட்டிப் பணம் பறிக்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. உங்கள் அலுவலகச் சுவரில் தமிழில் நான்கு வரி எழுதி ஒட்டியிருந்தால் பாதிப் பேர் அதில் விழாமல் தப்பியிருப்பார்கள்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடைப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு விதி சொல்கிறது. நல்ல விதி, நான் அதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்தப் பெயரைப் பதியப் போனால் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அங்கே ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். முத்துலட்சுமி என்கிற பெண்ணின் பெயரில் உள்ள ‘து’வுக்கு ஆதாரில் ஒரு மாதிரி, பான் அட்டையில் இன்னொரு மாதிரி, மின்கட்டண ரசீதில் மூன்றாவது மாதிரி. ஆதாரில் முன்னெழுத்தாக இருக்கும் தகப்பனார் பெயர் பான் அட்டையில் முழுப் பெயராக நீண்டு கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒரே பெண்ணைத்தான் குறிக்கின்றன என்பது எதிரே நிற்கும் அவரைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிகிறது. இருந்தும் “பேர் டேலி ஆகல, மாத்திட்டு வாங்க” என்கிறீர்கள். எதை மாற்ற வேண்டும்? ஆதாரையா, பானையா? எந்த எழுத்தை? அதைச் சொல்லாமல் அனுப்பினால் அவர் ஒன்றை மாற்றுவார், அது மற்ற இரண்டோடும் பொருந்தாமல் போகும், மறுபடியும் உங்கள் முன் வந்து நிற்பார்.

பிறகு அந்த மின்னஞ்சல். ஜிஎஸ்டி விண்ணப்பத்தில் குறை இருந்தால் இணையம் வழியாகக் கேள்வி அனுப்புகிறீர்கள், ஏழு வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் நிராகரிக்கிறீர்கள். சட்டப்படி சரிதான். ஆனால் அந்த விண்ணப்பத்தில் இருப்பது பெரும்பாலும் பிரவுசிங் சென்டர்க்காரரின் மின்னஞ்சல் முகவரி. வேடசந்தூரில் பஞ்சாலை ஷிப்ட் முடிந்து வந்து மாலையில் கடை நடத்துகிறவர் அந்தக் கேள்வியைப் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் அதில் ஆங்கிலத்தில் ஒரே வரி, ஆவணம் தெளிவாக இல்லை என்று. எந்த ஆவணம், எந்தப் பக்கம், எது தெளிவாக இல்லை? நானே பலமுறை அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ஊகம் செய்திருக்கிறேன். தொழிலாக இதைச் செய்கிற எனக்கே ஊகம்தான் வழியென்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

உங்கள் பக்கத்து நியாயத்தை நான் மறக்கவில்லை. இல்லாத முகவரியில், ஏமாளிகளின் ஆதாரை வைத்துப் போலி நிறுவனங்கள் பதிந்து வரிமோசடி செய்ததெல்லாம் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு லட்சக்கணக்கில் வரி கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. 2023-லும் 2024-லும் போலிப் பதிவுகளைக் களைய நாடு முழுக்கச் சிறப்புச் சோதனை நடந்தது. நாளைக்கு ஏதாவது தவறு வெளிவந்தால் விளக்கம் கேட்பது உங்களிடம்தான். மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்க்கிறீர்கள், சர்வர் பாதி நாள் படுத்துவிடுகிறது. இவ்வளவுக்கும் நடுவில் ஆவணத்தைக் கவனமாகப் பார்க்காதீர்கள் என்று நான் கேட்டால் அது அநியாயம். நன்றாகப் பாருங்கள். சந்தேகம் வந்தால் நேரில் வந்து கடையைப் பாருங்கள். ஆனால் என்ன சந்தேகம் என்பதை எழுத்தில் வையுங்கள். வாயால் சொல்லித் திருப்பி அனுப்பினால் உங்களுக்கும் பாதுகாப்பில்லை. கவனமாக இருந்தீர்கள் என்பதற்கு உங்கள் கையிலும் ஒரு சாட்சி வேண்டாமா?

எழுத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நத்தத்திலிருந்து இரண்டு நண்பர்கள், கூட்டாகச் சட்டை தைத்து விற்கிறவர்கள், ‘ராயல்’ என்று தொடங்கும் ஒரு பெயரில் கூட்டு நிறுவனம் பதியக் கேட்டார்கள். “இந்தப் பேர் ஆகாதுப்பா, வேற வச்சுட்டு வா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. பணம் எதிர்பார்க்கிறார்கள் போல என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள், ஒரு தரகரையும் பிடித்துவிட்டார்கள். உண்மையில் அந்த அலுவலர் சொன்னது முழுக்கச் சரி. 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 58-வது பிரிவு, கிங், குயின், ராயல், எம்பரர் போன்ற சொற்களை நிறுவனப் பெயரில் வைக்க மாநில அரசின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அனுமதிப்பதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது இன்னும் அப்படியே இருக்கிறது. நான் அந்தப் பிரிவை எடுத்துக் காட்டியதும் இருவரும் அங்கேயே நின்று வேறு பெயர் யோசித்தார்கள். நேர்மையான ஓர் அலுவலரைப் பற்றி அதுவரை அவர்கள் மனதில் இருந்தது என்ன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. “58-வது பிரிவுப்படி இந்தச் சொல் ஆகாது” என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அவர் பெயர் கெட்டிருக்காது, தரகருக்கும் வேலை இருந்திருக்காது.

லஞ்சம் கேட்கிறவர்களைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. அதற்கு 1064 என்ற எண் இருக்கிறது, கூப்பிடும்படி நான் எல்லோரிடமும் சொல்கிறேன். இந்த மடல் கை சுத்தமான உங்களுக்கு. உங்கள் எண்ணிக்கை ஜனங்கள் நினைப்பதைவிட அதிகம் என்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தவன் நான். ஆனால் காரணம் சொல்லாத நல்லவரையும் காசுக்காகக் காரணத்தை மறைக்கிறவரையும் வெளியே நிற்கிறவரால் பிரித்துப் பார்க்க முடியாது. இருவரும் “நாளைக்கு வாங்க” என்றுதான் சொல்கிறார்கள். இருவர் வாசலிலும் தரகர் காத்திருக்கிறார்.

அந்த நாளைக்கு என்ன விலை என்பதையும் எண்ணிப் பாருங்கள். நிலக்கோட்டையில் பூ வாங்கி மாலை கட்டி விற்கிற பெண் ஒரு நாள் காலையில் உங்களிடம் வந்தால், அன்று வாங்கிய பூ மறுநாள் பூவாக இருக்காது. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை போடுகிற வீட்டில் ஒருவர் வெளியே போனால் முடிச்சுப் போடும் வேலை அன்றைக்கு நிற்கும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே வேலையைத் தொடங்கியவர் உங்கள் வரிசையில் தூக்கக் கலக்கத்தோடு நிற்கிறார். மாதச் சம்பளம் வருகிற உங்களுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள்தான். அவர்களுக்கு அன்றைய அடுப்பு.

வாடகை வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்களின் நிலைமை இன்னும் மோசம். மின்கட்டண ரசீதின் நகல் கேட்டால் வீட்டுக்காரர் மிரளுகிறார். வீட்டு இணைப்பைக் கடை இணைப்பாக மாற்றிவிடுவார்களோ, வீட்டுவரி ஏறுமோ என்று அவருக்குப் பயம். எப்படியோ கெஞ்சி ஒன்று வாங்கிவந்தால் “வரி ரசீதும் வேணும், பத்திர நகலும் வேணும்” என்று இங்கே சொல்கிறார்கள். மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஏப்ரல் 17-ல் தன் அலுவலர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. பட்டியலில் இல்லாத ஆவணங்களைக் கேட்காதீர்கள், இடம் உரிமையாளருடையது என்பதற்குச் சொத்துவரி ரசீது, மின்கட்டண ரசீது போன்றவற்றில் ஏதாவது ஒன்று போதும், ஊகத்தின்பேரில் கேள்வி எழுப்பாதீர்கள் என்கிறது அது. தலைமை அலுவலகமே இதை எழுதி அனுப்ப வேண்டிய அளவுக்கு நாடெங்கும் புகார் போயிருக்கிறது என்பதுதான் இதற்கு அர்த்தம். மற்ற துறைகளில் இருக்கிற நீங்களும் அந்தத் தாளை ஒருமுறை படித்துப் பாருங்கள். இரண்டாவது ரசீதுக்காக வீட்டுக்காரரிடம் போய் நிற்கும் பெண் வீட்டையே இழந்துவிடக்கூடும். அப்படிக் காலி செய்ய வைக்கப்பட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இதுதான். விண்ணப்பத்தோடு வருகிற யாரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பாதீர்கள். திருப்பி அனுப்பவே வேண்டியிருந்தால், ஏன் என்பதைத் தமிழில் ஒரு அரைத் தாளில் எழுதி, தேதி போட்டு, அலுவலக முத்திரை வைத்துக் கொடுங்கள். இதற்கு அரசாணை தேவையில்லை. புதிய மென்பொருள் தேவையில்லை. தமிழ் இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி என்று 1956-லேயே சட்டம் செய்தாகிவிட்டது. இணையத்தில் அனுப்பும் கேள்வி ஆங்கிலத்தில்தான் போக வேண்டுமென்றால் போகட்டும், கூடவே விண்ணப்பதாரரின் சொந்தக் கைபேசிக்கு ஒரு அழைப்போ தமிழில் ஒரு குறுஞ்செய்தியோ அனுப்புங்கள். அதற்கு ஆகும் நிமிடம், அவர் மறுபடி வந்து நிற்கும்போது நீங்கள் செலவிடப்போகும் நேரத்தைவிட நிச்சயம் குறைவு. நீங்கள் அவர் கையில் கொடுக்கும் பதிவு பெயருக்கு உரிமை தராது என்பதையும் அந்தத் தாளின் அடியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். பெயரைக் காப்பாற்ற நினைக்கிறவர் எங்கே போக வேண்டும் என்பதை அவரே தேடிக்கொள்வார்.

உங்களில் சிலர் ‘எழுதிக் கொடுத்தால் அதையே பிடித்துக்கொண்டு தகவல் உரிமை மனு போடுவார்கள்’ என்று யோசிப்பீர்கள். காரணம் தெரியாதவர்தான் மனு போடுகிறார். நான் எழுதிக்கொடுத்த மனுக்களில் பெரும்பாலானவை ‘என் விண்ணப்பம் ஏன் நிற்கிறது’ என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டன. அந்தப் பதிலுக்குச் சட்டம் கொடுத்த 30 நாளை நீங்களும் அவரும் சேர்ந்து வீணாக்குகிறீர்கள்.

இதனால் என் வருமானம் குறையும். நீங்கள் தெளிவாக எழுதிக் கொடுத்தால் என்னிடம் வரவேண்டிய பலர் நேராக உங்களிடமே வந்துவிடுவார்கள். வரட்டும். கணக்கு எழுதுவதற்கு இந்த ஊரில் எனக்கு வேலை இருக்கும். நான் செய்யவேண்டிய வேலை அதுதான், வராந்தாவில் நிற்பது இல்லை.

தாளில் என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டாம். இவ்வளவு போதும்:

‘இன்ன பெயருடைய இன்னார் இந்தத் தேதியில் விண்ணப்பத்தோடு வந்தார். இதில் இந்த ஆவணம், இந்தப் பக்கம், இந்த எழுத்து சரியில்லை. இந்த விதியின்படி இது தேவை. இதைச் சரிசெய்து கொடுத்தால் இத்தனை நாளில் முடித்துத் தருவோம். இது தவிர வேறு எதுவும் கேட்க மாட்டோம்.’

இதை அச்சடித்துக் கட்டுக்கட்டாகத் தர நான் தயார். என்னைப் போல இந்தத் தொழிலில் இருக்கும் இன்னும் சிலரும் செலவைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். எங்கள் பெயரோ விளம்பரமோ அதில் இருக்காது. வேண்டும் என்கிற அலுவலகம் சொல்லியனுப்பினால் போதும், அடுத்த வேலை நாள் காலையில் உங்கள் மேசையில் இருக்கும். எந்த அலுவலகம் முதலில் கேட்கிறதோ அங்கே ஆத்தூர் அக்காவை நானே அழைத்துவருகிறேன். அவர் விண்ணப்பம் இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வராந்தாவில் காத்திருப்பவர்களில் ஒருவன்,
திண்டுக்கல்.